இளங்குதிரைப் பழக்கம்: தலையைக் கட்டாதீர்கள், முதுகைப் பலப்படுத்துங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் மார்வாரிக் குட்டி வாங்கி வந்து, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் தோட்டத்தில் வளர்க்கிறீர்களா? சந்தையில் நாட்டியக் குதிரை கழுத்தை வளைத்து நிற்கும் அழகைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கயிறு போட்டு இழுப்பவர்கள் பலர். கடைசியில் வாய் புண்ணாகி, முதுகு வலித்து, பாதி விலைக்குக் கைமாறுகிறது குதிரை. பின்னங்கால் நன்றாக உந்தி முதுகு உயர்ந்தால், கழுத்து தானே வளையும். இன்றே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• கடிவாளம் போடும் முன் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். இரண்டரை முதல் நாலரை வயது வரை பால் பற்கள் விழுந்து முளைக்கும். அந்த வலியில்தான் பல குட்டிகள் தலையை உதறுகின்றன.

• மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி விடுங்கள். வாயை மென்று, நாக்கை அசைக்க முடிந்தால்தான் தாடை இளகும்.

• கழுத்தை முன்னே, கீழே நீட்டவிட்டு நடத்துங்கள். பிடரி நார் இழுபடும்போது முதுகு மேலெழும்பி உங்கள் எடையைத் தாங்கும்.

• கயிற்றில் சுற்றவிடும்போது விட்டம் 50 அடிக்குக் குறையாத வட்டம் போட்டு, இரு பக்கமும் மாற்றுங்கள். சின்ன வட்டம் இளம் மூட்டுகளைத் திருகும்.

• குதிரை இணங்கிய நொடியே லகானைத் தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. தாமதித்தால் எதற்காக என்று அதற்குப் புரியாது.

• நெற்றியிலிருந்து நேர்கீழே இறங்கும் செங்குத்துக் கோட்டுக்கு மூக்கு சற்று முன்னால் இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணி தங்கம் வென்ற டிரெஸ்ஸாஜ் குதிரையேற்ற விளையாட்டின் விதியும் அதுதான்.

செய்யக்கூடாதவை

• முகவாயை நெஞ்சோடு சேர்த்து இழுக்காதீர்கள். தொண்டை நெருங்கி மூச்சு குறையும்; முன்னால் இருப்பதும் சரியாகத் தெரியாது. பலவந்தமாக இப்படி வளைப்பதை உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-இலேயே ஏற்க மறுத்துவிட்டது.

• தலையை மேலே தூக்கிச் சேணத்தோடு கட்டாதீர்கள். முதுகு குழிந்து, பின்னங்கால் பின்தங்கிவிடும்.

• முள் கடிவாளத்தைத் தொடாதீர்கள். நாக்கும் ஈறும் கிழியும். வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965 வதைத் தடுப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன.

• மூன்று வயதுக் குட்டியை நாட்டியத்துக்குப் பழக்காதீர்கள். உயரம் வந்துவிட்டாலும் முதுகெலும்பு முதிர ஐந்தரை, ஆறு வயது ஆகும்.

• சித்திரை, வைகாசி நடுப்பகலில் பழக்காதீர்கள். 37 டிகிரி தாண்டினால் 12 முதல் 3 மணி வரை வண்டி விலங்குகளை வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. இளங்குதிரைக்கு விடியற்காலையே நல்லது.

• பழகாத குட்டியைச் சிப்காட் சாலைக்கோ ஜி.என்.டி. ரோட்டுக்கோ கொண்டுபோகாதீர்கள். கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் நீங்கள் லகானை இழுப்பீர்கள், அது தலையைத் தூக்கி மிரளும். பல மாதப் பழக்கம் ஒரே நாளில் போய்விடும்.

• தலையை உதறினால் அடிக்காதீர்கள். முதலில் பல், பட்டை, சேணம், முதுகு நான்கையும் பாருங்கள். காரணம் தெரியவில்லையென்றால் சவாரியை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.