பின்வளவிற் குளமும் தேனீயும்

நோர்வூட்டிலே யான் குடியிருக்கும் விடுதியின் பின்வளவில் ஒரு சிறு குளம் அமைத்து ஆறாண்டுகளாயின. குளம் என்பது சற்று மிகையே. எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் ஒரு முழ ஆழமும் கொண்ட சீமெந்துத் தொட்டி அது. ஆம்பல் வேறு, தாமரை வேறு என்று வகுப்பிலே எத்துணை முறை சொன்னாலும், இரண்டையும் கண்டறியாத மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அவை இரண்டும் வெறும் சொற்களாகவே நின்றன. ஆகவே ஓர் ஆம்பற்கொடியையேனும் கண்ணாற் காட்டுவோம் என்று தொடங்கிய முயற்சி அது. தேனீக்களைப் பற்றி அன்று நினைத்தேனில்லை. அவை தாமே வந்தன.

முதலாண்டுத் தை மாதத்து வரட்சியிலே, விடியற்பனி நீங்கி வெயில் ஏறியதும், தொட்டியின் விளிம்பிலே பத்தும் இருபதுமாக வந்து நீர் பருகின. அடுத்த வீட்டு அக்கா வேலிக்கப்பால் நின்று அதைக் கண்டார். "மாஸ்டர், ஒங்க குளத்துக்குக் குளவி வருதுங்க. எங்கிட்டோ கூடு கட்டியிருக்கு. ராவோட ராவா பந்தம் கொளுத்தி எரிச்சிருங்க" என்றார். அவ்வச்சம் நகைத்தற்குரியதன்று. அவருடைய தங்கை கொழுந்து பறிக்கும்போது கொட்டுண்டு இரண்டு நாள் வைத்தியசாலையிற் கிடந்தவர். தோட்டத் தொழிலாளர் குளவிக் கொட்டுக்கு இலக்காயினர் என்ற செய்தி நம் பகுதிக்குப் புதியதன்று. அதனால் உயிரிழந்தோரும் உளர்.

ஆயினும் ஈண்டு ஒரு சொற்குழப்பம் உளது. அதனைத் தெளிதல் மொழியாசிரியன் கடன். மலையகத்திலே கொழுந்து மலைகளிற் கூட்டமாகத் துரத்திக் கொட்டுவது பெரும்பாலும் குளவி அன்று. பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றைப் பேரடையாகத் தொங்கவிட்டு வாழும் மலைத்தேனீயே அது. சிங்களத்தில் அதனைப் 'பம்பரா' என்பர். சிகிரியாவிலே பாறையில் தொங்கும் அடைகளும் அதனுடையவே. அங்கு ஆங்கிலப் பலகை அதனைக் குளவியின் பெயராற் கூறுவதால், பிழை நம்மவரது மட்டுமன்று என்க. மெய்யான குளவி தேன் சேர்ப்பதில்லை. புழுவையும் பூச்சியையும் பிடித்துத் தன் குஞ்சுக்கு ஊட்டும். தேனீயின் கொடுக்கிலே மீன்பிடி தூண்டிலைப்போல எதிர்முள் உண்டு. மனிதத் தோலிற் பாய்ந்தால் அங்கேயே தங்கிவிடும். கொடுக்கிழந்த தேனீ மடியும். குளவி பலமுறை கொட்டிப் பறந்து போகும். கொட்டப்பட்ட இடத்திற் கொடுக்கு நின்றதா இல்லையா என்று பார்த்தாலே இன்னது கொட்டிற்று என்பது பெரும்பாலும் புலனாகும்.

என் தொட்டிக்கு வந்தவையோ இவ்விரண்டும் அல்ல. அவை பொந்துத் தேனீக்கள். மரப்பொந்து, சுவர்வெடிப்பு, கைவிடப்பட்ட பெட்டி முதலிய இருண்ட இடங்களிலே பல அடைகளை அடுக்காகக் கட்டுவன, மலைத்தேனீயிற் சிறியன, இயல்பில் மென்மையானவை. இவற்றுக்குக் குளவியே பகை. குளவி வாயிலுக்கு வந்தால் நூற்றுக்கணக்கான தேனீக்கள் அதனைப் பந்துபோல மூடிக்கொண்டு, தம் தசைகளை அதிரச்செய்து 45 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமூட்டிக் கொன்றுவிடும். குளவிக்குத் தாங்கவொண்ணாத அவ்வெப்பத்தைத் தேனீ சற்றே தாங்கும். இதனை அக்காவுக்கு விளக்கியபோது அவர் நம்பினார் என்று சொல்லமாட்டேன். பந்தம் மட்டும் கொளுத்தப்படவில்லை.

இனி, குளத்துக்கு வருவோம். வந்த தேனீக்களிற் பாதி நீரில் விழுந்து மாண்டன. செங்குத்தான சீமெந்துச் சுவர் அவற்றுக்குக் கிணறு. கெசல்கமு ஓயாவிலிருந்து பாசி படர்ந்த உருண்டைக் கற்களை மாணவர் சிலர் எடுத்து வந்தனர். அவற்றை ஒரு மூலையிலே சரிவாக அடுக்கி, பாதி நீரிலும் பாதி வெளியிலுமாக வைத்தோம். தேங்காய் மட்டைத் துண்டு இரண்டும் மிதக்கவிட்டோம். அதன்பின் ஒன்றிரண்டே விழுந்தன. தேனீ திறந்த நீரை விரும்புவதில்லை. ஈரப்பாசியிலே நின்று உறிஞ்சுவதையே விரும்பும். உப்புச்சத்துக் கலந்த நீரைத் தேடுவதும் அதன் இயல்பு. லயத்துக் காண்வாய்களில் அது மொய்ப்பதற்குக் காரணம் இதுவே; அழுக்கின்மேற் காதல் அன்று. ஒருமுறை ஓரிடத்து நீரைப் பழகிவிட்டால் எளிதில் விடாது. ஆதலின் அயலார் தண்ணீர்ப் பீப்பாயைக் கண்டுபிடிக்குமுன் நம் கல்லைக் காட்டிவிடல் வேண்டும். வரட்சி தொடங்கிய பிறகு கல் அடுக்குவோர் பிந்தியவராவர்.

இந்நீர் குடித்தற்கு மட்டுமன்று. கூட்டினுள் வெப்பம் மிகும்போது துளிதுளியாகப் பரப்பி, சிறகால் விசிறிக் குளிர்விக்கும். இறுகிய தேனைக் கரைத்துக் குஞ்சுணவு ஆக்கவும் நீர் வேண்டும். நிற்க, குளம் வைத்தோர் நுளம்பையும் நினைத்தல் வேண்டும். டெங்கு நோய் மலைநாட்டுக்கு வராது என்பது பழைய நம்பிக்கை. எங்கள் தொட்டியிற் கப்பி மீன்கள் உள. அவை நுளம்புப் புழுவை உண்ணும், தேனீயைத் தீண்டா.

பூக்களைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் மலைகளே ஒரு பூந்தோட்டம். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மரத்தின் பொன்னிறப் பூங்கொத்திலே தேன் ததும்பும். நூலோர் அதனைக் கிரெவில்லியா என்பர். யூக்கலிப்டசும் அத்தகையதே. தேயிலையும் பூப்பதே, கொழுந்து ஓயாது கிள்ளப்படுவதால் நாம் காண்பது அரிது. வேலியோரத்திலே வளரவிட்ட செடியிற் காணலாம். வீட்டுவளவிலே துளசி, கடுகு, பூசணி, சௌசௌ, கொய்யா, எலுமிச்சை போதும். முள்ளங்கியிற் சிலவற்றைப் பிடுங்காது பூக்கவிடுக. சிவப்பு நிறம் தேனீக்குத் தெரியாது. நமக்குப் புலப்படாத ஊதாக் கடந்த ஒளியோ அதற்குத் தெரியும். ஆகவே நம் கண்ணுக்கு அழகானது எல்லாம் அதன் கண்ணுக்கு அழகன்று. மருந்து தெளிக்க நேரின் பூவிற் படாமல், தேனீ கூடடைந்த பின் மாலையிலே தெளித்தல் நலம்.

வந்த கூட்டத்துக்கு வீடு தருவது அடுத்த படி. இலங்கையிலே மட்பானையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டுத் தேனீயைக் குடியேற்றும் வழக்கம் பழையது. அகப்பொருள் இலக்கணம் கற்றோர் குறிஞ்சி மக்களின் தொழிலைத் 'தேனழித்தல்' என்று ஒப்பிப்பர். சொல்லைக் கவனியுங்கள். எடுத்தல் அன்று; அழித்தல். அடையைப் பிய்த்தாலன்றித் தேன் கிடையாது. குஞ்சும் உடன் மடியும். இவ்விலக்கணத்தை மாற்றியது ஒரு சிறு இடைவெளி. அடைகளுக்கிடையே தேனீ நடமாடும் அளவு இடம் விட்டால் அது அவற்றை மெழுகால் ஒட்டாது என்பதை 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே இலாங்ஸ்திரோத் என்னும் பாதிரியார் உணர்ந்து, கழற்றி மாட்டும் சட்டங்களையுடைய பெட்டியைச் செய்தார். அப்பெட்டி மேனாட்டுத் தேனீயின் அளவினது. நம் சிறு தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியைத் திருச்சிராப்பள்ளியிலே 1911 முதல் 1917 வரை உழைத்து உருவாக்கியவர் நியூட்டன் பாதிரியார். 'நியூட்டன் பெட்டி' என்று அவர் பெயராலேயே வழங்கும். இந்நாட்டிலே விவசாயத் திணைக்களம் பண்டாரவளை, பிந்துனுவெவையில் தேனீ அபிவிருத்திப் பிரிவொன்றை நிறுவியிருக்கின்றது.

எங்கள் பெட்டி வளவின் கோடியில் நான்கு காலில் நிற்கின்றது. ஒவ்வொரு காலும் எண்ணெய் விட்ட சிரட்டையில், எறும்புக்கு அணை. வாயிலுக்கு முன்னே நான்கடி தூரத்தில் அடர்ந்த வேலி. தேனீக்கள் அவ்வேலிக்கு மேல் எழும்பிப் பறக்கவேண்டியிருப்பதால், நடைபாதையில் வருவோர் தலையில் மோதுவதில்லை. அயலாரோடு ஒத்து வாழ்வதில் இவ்வேலிக்குப் பெரும்பங்கு உண்டு. தென்மேற்குப் பருவமழையிலே வாரக்கணக்கில் வெளியே போகமுடியாது பட்டினி கிடக்கும். அப்போது சம அளவு சீனியும் நீரும் கரைத்து வைப்போம். முதலாம் ஆண்டு அதனை அறியாது, தேனை முற்றும் எடுத்துவிட்டேன். ஆடி மாதம் பெட்டியைத் திறந்தபோது பிடியளவு தேனீக்கள் குளிரிலே விறைத்துக் கிடந்தன. அக்குற்றம் என்னுடையது.

மலைத்தேனீயோடு இவ்வாறு அணுகி வாழ இயலாது, விலகி வாழலாம். அடையின் மேற்பரப்பிலே அலைபோல ஒரு மினுமினுப்பு ஓடுமாயின், அவை வயிற்றை உயர்த்தி எச்சரிக்கின்றன என்று பொருள், பின்வாங்குக. கல்லெறிதலும் புகையிடுதலும் கூடா. பருவம் மாறியதும் அவை தாமே இடம்பெயரும். பல காலத்தின்பின் அதே மரத்துக்கே மீள்வதும் ஆய்விற் கண்ட செய்தி. துரத்தினால் நில்லாது ஓடி, கட்டடத்தினுள் புகுந்து கதவைச் சாத்துக. நீரிலே குதித்தல் வேண்டா. தலை நீட்டும்வரை மேலே சுற்றிக்கொண்டிருக்கும். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழத்தை ஒத்த ஒரு மணம் எழும். அது மற்றத் தேனீக்களை அழைக்கும் முரசு. ஆதலாற் கொடுக்கை உடனே சுரண்டி எறிக. எவ்வாறு எடுப்பது என்று ஆராய்வதினும் விரைந்து எடுப்பதே பெரிது, நஞ்சுப்பை தொடர்ந்து இயங்குமாகலின். மூச்சுத் திணறலோ, முகவீக்கமோ, மயக்கமோ கண்டால் சுண்ணாம்பு தடவிக் காலம் போக்காது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

சென்ற பங்குனியிலே அக்காவின் பேரன், கல்லின்மேல் நின்று நீர் பருகும் தேனீக்களை எண்ணிக் கொண்டிருந்தான். நாற்பத்தொன்றுவரை எண்ணியபின் ஒன்று பறந்துவிட்டதாம்; கணக்குத் தவறிற்று என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். அக்கா வேலியருகே நின்று, "அந்தக் குளவியத் தொடாதடா" என்றார். "தேனீ, ஆச்சி" என்றான் அவன், திரும்பிப் பாராமலே.