படம் ஓசி, பாஸ்வேர்ட் போச்சு

சூலக்கரை தொழிற்பேட்டையிலோ சிவகாசியின் பட்டாசு, அச்சக ஆபீஸ்களிலோ கணக்கு வேலையா? டேலி, ஜிஎஸ்டி, கம்பெனியின் நெட் பேங்கிங் எல்லாம் உங்கள் மேசைக் கம்ப்யூட்டரில்தான். சாப்பாட்டு நேரத்தில் அதிலேயே புதுப்படம் இறக்கினால், படத்தோடு திருடனும் இறங்கலாம்.

எப்படி நுழைகிறது?

2021 டிசம்பரில் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' டாரன்ட் என்று சுற்றிய ஒரு ஃபைலின் பெயர் '.டாரன்ட்.இஎக்ஸ்இ' என முடிந்தது. உள்ளே இருந்தது கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருள். பெயரின் கடைசித் துண்டை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுவதால், பார்ப்பவருக்கு அது வெறும் டாரன்ட்.

2024 ஆகஸ்டில் சைபர் பாதுகாப்பு நிறுவனமான மாண்டியன்டின் ஆய்வாளர்கள் இன்னொரு வழியைச் சொன்னார்கள். திருட்டுப்படம் என்ற பெயரில் ஜிப் ஃபைல், உள்ளே ஷார்ட்கட். அதைத் திறந்தால் லும்மா போன்ற மென்பொருள் வந்து உட்காரும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கிகளையும் அது அள்ளும். குக்கி கிடைத்தால் பல தளங்களில் ஓடிபி இல்லாமலே நுழையலாம். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் லும்மா இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது.

இன்றே செய்யுங்கள்

1. எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' ஆன் செய்யுங்கள். 'படம்' என்று வந்தது .இஎக்ஸ்இ என முடிந்தால் திறக்காமல் அழியுங்கள். ஷார்ட்கட்டின் .எல்என்கே அப்போதும் தெரியாது; 'டைப்' பகுதியில் 'ஷார்ட்கட்' என்று இருந்தால் அதையும் அழியுங்கள்.
2. "கோடெக் போடு", "ஆன்டிவைரஸை நிறுத்து" என்று கேட்டால் அந்தப் பக்கத்தையே மூடுங்கள்.
3. பேங்க் பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்காதீர்கள். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள்.
4. தினசரி வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம்.

திறந்துவிட்டீர்களா?

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை அதே கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள். புதியதும் களவு போகும். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து முதலில் மெயில், அடுத்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். பாதித்த கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய, மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசக் கருவிகள் தருகிறது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது இன்னும் பத்திரம்.

முதலாளியிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும். தீபாவளி ஆர்டர் பணம் புரளும் நேரத்தில் நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம். பணம் போயிருந்தால் பேங்குக்கும், சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் அதை முடக்க வழியுண்டு.