அஞ்சறைப் பெட்டியும் கம்ப்யூட்டரும்

உங்கள் வீட்டில் அம்மா தாளிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எண்ணெய் காய்ந்தவுடன் கை தானாகவே அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். கடுகு, உளுத்தம் பருப்பு, சீரகம், வெந்தயம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மேல் அலமாரியில் உள்ள டப்பாவில் இன்னும் நிறையக் கடுகு இருக்கிறது. மளிகைக் கடையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தாளிப்புக்கும் கடைக்கு ஓடினால் என்ன ஆகும்? எண்ணெய் கருகிப் போகும்!

அடிக்கடி வேண்டியதைச் சிறிதளவு பக்கத்திலேயே வைத்துக்கொள்வது என்னும் இந்த எளிய தத்துவம்தான் இன்றைய கம்ப்யூட்டர்களின் வேகத்துக்கு ஒரு முக்கியக் காரணம். இதற்குக் 'கேஷ்' என்று பெயர். மறைத்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

காத்திருந்த கணக்குப் பகுதி

1960-களில் கம்ப்யூட்டர் பொறியாளர்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. கணக்குப் போடும் பகுதி மிக வேகமாகிவிட்டது. விவரங்களைச் சேமித்து வைக்கும் நினைவகமோ பின்தங்கிவிட்டது. வேகமான நினைவகத்தைச் செய்ய முடியும். ஆனால் அது விலை மிகுந்தது. பேரளவில் வைக்க இயலாது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் என்ற விஞ்ஞானி 1965-ல் ஒரு வழி சொன்னார். பெரிய, மெதுவான நினைவகம் அப்படியே இருக்கட்டும். அதன் முன்னால் சிறிய, வேகமான நினைவகம் ஒன்றை வைத்து, அண்மையில் பயன்பட்டவற்றின் நகலை அதில் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஐ.பி.எம். நிறுவனம் 1968-ல் அறிவித்த 'சிஸ்டம் 360 மாடல் 85' என்னும் இயந்திரத்தில் இத்தகைய அமைப்பு இடம்பெற்றது. அதன் கணக்குப் பகுதி ஓர் அடி வைக்க 80 நானோ விநாடி போதும். பெரிய நினைவகமோ ஒரு முறை விடை தர ஏறக்குறைய 1 மைக்ரோ விநாடி எடுத்துக்கொண்டது. அதாவது ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு அடி நேரம் வீண்! 16 கிலோபைட் அளவேயுள்ள சிறு கேஷ் இந்த வீணைப் பெரிதும் குறைத்தது.

ஒரே பக்கம், ஆயிரம் வாசகர்

இதே சங்கடம் பின்னர் இணையத்திலும் தலைகாட்டியது. பலர் நாள்தோறும் கட்டுரை எழுதிச் சேர்க்கும் ஓர் இணையத்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தைத் திறந்ததும் அது அச்சிட்ட தாள் போல ஆயத்தமாக இருப்பதில்லை. தலைப்பு, கட்டுரை, வாசகர் கருத்துகள் ஆகியவற்றைத் தரவுத்தளத்திலிருந்து தனித்தனியே தேடி எடுத்து, கோத்து, அந்தக் கணத்தில்தான் நிரல் பக்கத்தை உருவாக்குகிறது. ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் முறை அதே வேலை! அமெரிக்காவில் 1999-ல் தொடங்கிய லைவ்ஜர்னல் என்ற தளத்தில் இந்தச் சுமை பெருகியபோது, அதை நிறுவிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் 2003-ல் 'மெம்கேஷ்டு' என்னும் நிரலை உருவாக்கினார். பல இயந்திரங்களில் சும்மா இருக்கும் நினைவக இடத்தை ஒன்றுசேர்த்து, ஒரு முறை தேடி எடுத்த விடைகளை அதில் வைத்திருப்பதே அதன் பணி.

பயன் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கத்தைப் புதிதாக உருவாக்க 200 மில்லி விநாடியும், ஆயத்த நகலைக் கொடுக்க 2 மில்லி விநாடியும் ஆவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 90 பேருக்கு நகல் கிடைத்தால் சராசரி நேரம்:

0.90 × 2 + 0.10 × 200 = 21.8 மில்லி விநாடி

நூற்றுக்கு 99 பேருக்குக் கிடைத்தால்:

0.99 × 2 + 0.01 × 200 = 3.98 மில்லி விநாடி

90-க்கும் 99-க்கும் வேறுபாடு சிறிதுதானே என்று தோன்றும். ஆனால் தரவுத்தளத்தின் பக்கம் நின்று பாருங்கள். ஆயிரம் பேரில் முன்பு 100 பேர் அதனிடம் வந்தார்கள். இப்போது 10 பேரே வருகிறார்கள். சுமை பத்தில் ஒன்றாகிவிட்டது!

நகல் பொய் சொல்லும் நேரம்

இவ்வளவு நன்மை இருந்தால் எல்லாவற்றுக்கும் நகல் வைத்துவிடலாமே என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

பள்ளி அறிவிப்புப் பலகையிலிருந்து தேர்வு அட்டவணையை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். கணக்குத் தேர்வு வியாழக்கிழமை. இரண்டு நாள் கழித்துப் பலகையில் அது புதன்கிழமை என்று மாற்றப்படுகிறது. உங்கள் நோட்டுக்கு அது எப்படித் தெரியும்? நீங்கள் எழுதியதில் பிழை ஏதும் இல்லை. எழுதிய அன்று அது உண்மையே. ஆனால் அதை நம்பி வியாழனன்று போனால் தேர்வு முடிந்திருக்கும். புயல் எச்சரிக்கையின் பழைய நகலை ஒரு மீனவர் படித்தால் விளைவு இன்னும் கொடியது.

ஆகவே நகலை எப்போது தூக்கி எறிவது என்பதே கேஷ் அமைப்பில் கடினமான கேள்வி. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, காலக்கெடு. 'இந்த நகல் 60 விநாடிக்குத்தான் செல்லும்' என்று குறித்துவிடுவது. எளிய வழிதான், ஆனால் அந்த 60 விநாடிக்குள் மாற்றம் நேர்ந்தால் தெரியாது.

இரண்டாவது, மூலம் மாறியவுடனே நகலை அழித்துவிடுவது. இது சரியான வழி. ஆனால் நகல் எங்கெங்கே இருக்கிறது என்று ஒன்று விடாமல் தெரிந்திருக்க வேண்டும். கட்டுரையின் தலைப்பு மாறினால் அந்தப் பக்கம் மட்டுமா, முகப்புப் பக்கமும் பட்டியல் பக்கமும்கூடப் பழையவை ஆகிவிடுமே!

மூன்றாவது, கேட்டுப் பார்ப்பது. உங்கள் கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள நகலின் அடையாளத்தை அனுப்பி, 'மாறியிருக்கிறதா?' என்று கேட்கும். மாறவில்லையென்றால் தளம் முழுப் பக்கத்தையும் அனுப்பாமல் 304 என்ற எண்ணை மட்டும் விடையாகத் தரும். 'உன்னிடம் இருப்பதே சரி' என்று அதற்குப் பொருள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பலர் விரும்பிப் படிக்கும் பக்கத்தின் நகல் காலாவதியான அந்தக் கணத்தில், காத்திருக்கும் ஆயிரம் பேரும் ஒருசேரத் தரவுத்தளத்தின் மேல் பாய்வார்கள். அது திணறி நின்றுவிடக்கூடும். இதற்கும் வழி இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் உள்ளே விட்டுப் புதிய நகல் ஆயத்தமாகும் வரை, மற்றவர்களுக்குப் பழைய நகலையே கொடுத்துச் சமாளிக்கலாம். ஒரு கட்டுரைக்கு இது பொருந்தும். புயல் எச்சரிக்கைக்குப் பொருந்துமா? பழையது எவ்வளவு நேரம் பழையதாக இருக்கலாம் என்பதை இயந்திரம் தானாக முடிவு செய்வதில்லை. அதை அமைக்கும் மனிதரே சிந்தித்து முடிவு செய்ய வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

அஞ்சறைப் பெட்டியில் இடம் சிறிது; கேஷும் அப்படியே. இடம் நிறைந்தபின் புதிதாக ஒன்று வந்தால் எதை வெளியேற்றுவது?

மேசைமேல் மூன்று கட்டங்கள் வரையுங்கள். அதுவே உங்கள் கேஷ். சீட்டுகளில் அ, ஆ, இ, ஈ என்று எழுதிக்கொள்ளுங்கள். வேண்டுகோள்கள் இந்த வரிசையில் வருகின்றன: அ, ஆ, இ, அ, ஈ, அ, ஆ. கேட்ட சீட்டு கட்டத்தில் இருந்தால் ஒரு மதிப்பெண். இல்லையென்றால் அதைக் கொண்டுவந்து வையுங்கள்.

முதல் ஆட்டத்தில், முதலில் வந்த சீட்டையே முதலில் வெளியேற்றுங்கள். ஒரு மதிப்பெண்தான் கிடைக்கும். இரண்டாவது ஆட்டத்தில், நெடுநேரமாக யாரும் கேட்காத சீட்டை வெளியேற்றுங்கள். இரண்டு மதிப்பெண் கிடைக்கும். மெம்கேஷ்டு பின்பற்றுவதும் இந்த இரண்டாவது முறையையொட்டிய விதிதான்.

இனி ஒரு கேள்வி: அடுத்து என்ன கேட்கப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால், எந்தச் சீட்டை வெளியேற்றுவது எல்லாவற்றிலும் நல்லது? உங்கள் நண்பருடன் சேர்ந்து சிந்தித்துப் பாருங்கள்.