தலைக்கு வந்தது

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பது நம் பழமொழி. ஆனால் தலைப்பாகையே இல்லாமல், வருவதையெல்லாம் தலை கொடுத்துத் தடுக்கும் ஒருவர் விளையாட்டு மைதானத்தில் உண்டு. அவர்தாம் கால்பந்தாட்டத்தின் கோல்கீப்பர். பிறர் பந்தைக் காலால் துரத்த, இவரோ உதைக்க ஓங்கிய காலை நோக்கித் தலை முன்னே செல்லப் பாய்கிறார். கோல் போட்டவரைத் தோளில் தூக்கும் உலகம், கோலைத் தடுத்தவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒருவரே அமெரிக்கப் பெண்கள் அணியின் கோல்கீப்பராக விளங்கிய பிரையானா ஸ்கரி. அவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதனை இறுதியில் சொல்கிறேன்.

பாதுகாப்பான இடம்

ஸ்கரி 1971-ஆம் ஆண்டு மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். டேட்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பன்னிரண்டாம் வயதில் பையன்களின் கால்பந்து அணியில் சேர்ந்தபோது, பெண் பிள்ளைக்கு அடிபடாத இடம் அதுதான் என்று எண்ணிப் பயிற்சியாளர் அவரைக் கோலில் நிறுத்தினாராம்! இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டே ஆடிய ஸ்கரி, 1994-இல் தேசிய அணியில் இடம் பெற்றார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் அமெரிக்கா தங்கம் வென்றபோது கோலைக் காத்தவர் இவரே.

அரை நொடிக் கணக்கு

1999-ஆம் ஆண்டு ஜூலை 10. கலிபோர்னியாவின் பாசடீனா நகரிலுள்ள ரோஸ் பவுல் அரங்கில் பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். பார்வையாளர் 90,185 பேர். அமெரிக்காவும் சீனாவும் கூடுதல் நேரம் முடிந்தும் கோல் எதுவும் போடவில்லை. பெனால்டி உதைகளே வெற்றியை முடிவு செய்யும் நிலை ஏற்பட்டது.

இங்கே இயற்பியல் மாணவி என்ற முறையில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். பெனால்டிப் புள்ளிக்கும் கோல் கோட்டுக்கும் இடையே 11 மீட்டர். பந்தின் வேகம் நொடிக்கு 25 மீட்டர் என்று கொண்டால், அது கோலை அடைய 0.44 நொடி ஆகும். கண் கண்டதை மூளை உணர்ந்து உடலை அசைக்கச் செய்வதற்கே ஏறக்குறைய 0.2 நொடி போய்விடும். எஞ்சியிருப்பது 0.24 நொடி. கோலின் அகலம் 7.32 மீட்டர், நடுவில் நிற்பவருக்குக் கம்பம் 3.66 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கை நீட்டுவதற்கு ஒரு மீட்டரைக் கழித்தாலும், மீதித் தொலைவை நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும். 2009-இல் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உலகச் சாதனையின் சராசரி வேகமே 10.4 மீட்டர்தான்!

ஆகவே, பந்தைப் பார்த்த பிறகு பாய்ந்தால் மூலைக்குப் போகும் பந்து கைக்கு எட்டாது. உதைப்பவரின் நடையையும் இடுப்பையும் கண்களையும் வைத்து முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். சீனாவின் மூன்றாவது உதைக்கு லியூ யிங் வந்தார். பொதுவாக உதைக்க வருபவரை ஏறிட்டுப் பார்க்காத ஸ்கரி, அன்று அவரைப் பார்த்தார். இதைத் தடுத்துவிடலாம் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். பாய்ந்தார், தடுத்தார். உதைக்கு முன்பே அவர் கோட்டை விட்டு முன்னே வந்துவிட்டார் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. பக்கவாட்டில் அசையலாம், முன்னேறக் கூடாது என்பதே அன்றைய விதி. ஆயினும் நடுவர் மறு உதை கேட்கவில்லை.

அமெரிக்கா 5-4 என வென்றது. கடைசி உதையைக் கோலாக்கிய பிராண்டி சாஸ்டெயின் மண்டியிட்டு ஆர்ப்பரித்த படம் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த உதை வெற்றி உதையாக அமைந்ததற்குக் காரணம் ஸ்கரி தடுத்த அந்த ஒரு பந்தே அன்றோ!

ஏற்றமும் இறக்கமும்

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஸ்கரி தம் முதலிடத்தை இழந்து மாற்று வீராங்கனையாக உட்கார்ந்தார். 2001-இல் அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறைக் கழகப் போட்டி தோன்ற, அட்லாண்டா அணியில் சேர்ந்தார். பணமின்றி அந்தப் போட்டி மூன்றே ஆண்டுகளில் நின்றுபோனது. அவரோ சோரவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் முதல் கோல்கீப்பராகி இரண்டாவது தங்கம் பெற்றார். 2007 உலகக் கோப்பை அரையிறுதியில் திடீரென இறக்கப்பட்டு, பிரேசிலிடம் 4-0 எனத் தோற்ற வேதனையையும் சுமந்தார்.

வெளியே தெரியாத காயம்

2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 25. புதிய தொழில்முறைப் போட்டியில் வாஷிங்டன் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். தாழ்வாக வந்த பந்தைக் குனிந்து எடுக்கும்போது, ஓடிவந்த எதிரணி வீராங்கனையின் முழங்கால் அவரது நெற்றிப்பொட்டில் மோதியது. இரத்தம் இல்லை. எழுந்தார், இடைவேளை வரை ஆடினார். அதுவே அவரது கடைசி ஆட்டமாயிற்று. பாதுகாப்பான இடம் என்று ஒருவர் எண்ணி நிறுத்திய அதே இடத்தில்தான் அந்த அடி விழுந்தது.

நாம் முதலாண்டில் படித்த நியூட்டனின் முதல் விதியே இங்கும் செயற்படுகிறது. பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதக்கும் மூளையும் அவ்வாறே. மண்டையோடு சட்டென அசையும்போதோ நிற்கும்போதோ மூளை பின்தங்கி அசைகிறது. தலை சுழன்றுவிட்டால் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. எலும்பு முறிவதில்லை, ஆகவே எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரிவதில்லை. தெரியாததனாலேயே பிறர் நம்புவதும் இல்லை.

ஸ்கரியின் நிலையும் இதுதான். மூன்றாண்டுகளுக்கு மேல் தலைவலி, மறதி, மனச்சோர்வு. சிகிச்சைச் செலவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தோடு போராட்டம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்கூட வந்தது. தம் இரு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையும் அவர் அடகு வைத்தார். நகையை அடகு வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வீட்டிலிருந்து வந்த எனக்கு, அந்த வரியைப் படித்தபோது மேலே படிக்க முடியவில்லை.

2013 அக்டோபரில் பின்தலை நரம்பில் அறுவைச் சிகிச்சை நடந்து, வலி நீங்கியது. பதக்கங்களையும் மீட்டார். 2014-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் தலைக்காயத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார். 2017-இல் அந்நாட்டுக் கால்பந்துப் புகழ் மன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண்மணியானார். அவர் காத்த மிகப் பெரிய கோல், அவருடைய உயிரே என்று நான் கருதுகிறேன்.

என் தவறு

இவ்வாண்டு துறைகளுக்கு இடையே நடந்த கபடிப் போட்டியில் நான் எங்கள் அணித் தலைவி. முதலாண்டுத் தங்கை ஒருத்தியின் காதோரத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் இடித்தது. இரத்தமும் இல்லை, வீக்கமும் இல்லை. "ஒண்ணுமில்லடி, முகத்தைக் கழுவிட்டு வா. இன்னும் ரெண்டு பாயிண்டுதான்" என்றேன். "சரிக்கா" என்று வந்து ஆடினாள். வென்றோம்.

அன்றிரவு விடுதியில் வாந்தி எடுத்தாள். மறுநாள் செய்முறை வகுப்பில் வெர்னியர் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொன்னாள். நாங்கள் அழைத்துச் சென்ற மருத்துவர், "அடிபட்ட உடனே ஏன் உட்கார வைக்கவில்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் கழித்துத் தேறி வந்தவள், "மன்னிச்சுக்கங்கக்கா, அடுத்த மேட்சுக்கு வர முடியாம போச்சு" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவள் வீட்டில் அவள். எங்களுக்கு நிலமில்லை, கடையில்லை. பெற்றோர் போட்ட முதல் முழுவதும் இந்தத் தலைக்குள்தான் இருக்கிறது. அதை இரண்டு பாயிண்டுக்குப் பணயம் வைக்க எனக்கு யார் உரிமை தந்தார்கள்?

தோழர்களே, தோழியரே! தலையில் அடிபட்டவர் எவராயினும், இரத்தம் வராவிட்டாலும், அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது; மருத்துவர் சொன்ன பிறகே களம் இறங்க வேண்டும். முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி இன்னும் கொடியது. நம் கல்லூரி மைதானத்தில் இதனை ஒரு விதியாகவே கொள்ளுமாறு பேராசிரியப் பெருமக்களையும் உடற்கல்வி இயக்குநர் அவர்களையும் பணிவுடன் வேண்டுகிறேன். பந்து போனால் இன்னொரு பந்து கிடைக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போக வேண்டுமானால், அருகில் நிற்கும் நாம்தான் ஒருவருக்கொருவர் தலைப்பாகையாக இருக்க வேண்டும்.