கடல் அசையாமல் நிற்பதில்லை

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். அன்று கடலடி முத்துப் பார்களில் மூழ்கியவர்கள் ஆழத்தைக் காதால் அறிந்தார்கள். பத்து மீட்டர் இறங்கினால் இன்னொரு காற்று மண்டலத்தின் அழுத்தம் உடம்பின்மேல் ஏறும். நீருக்குள் வைக்கும் அழுத்த உணரிக்கும் கணக்கு அதுதான்: ஒரு சென்டிமீட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல். 2004 சுனாமிக்குப் பின், 2007-இல் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. துறைமுகக் கடல்மட்டமானிகளின் எண்கள் இன்று உயிர்காக்கும் எண்கள். அத்தகைய அழுத்த உணரியை லினக்ஸ் கணினியில் இணைத்து, சி மொழியில் நிரல் எழுதிப் பழகும் நம் மாணவர்களிடம் சில தவறான நம்பிக்கைகள் உண்டு.

நம்பிக்கை: சி நிரல் உணரியை நேரடியாகத் தொடுகிறது.

உண்மை: வன்பொருளோடு பேசுவது கெர்னலில் உள்ள டிரைவர். நிரல் அந்த டிரைவர் காட்டும் ஒரு கோப்பை ஓப்பன் செய்து, ரீட் மூலம் கேட்கிறது, அவ்வளவே. படிக்க மட்டும் பெரும்பாலும் ரூட் அதிகாரம்கூடத் தேவையில்லை.

நம்பிக்கை: கோப்பைத் திறந்து வைத்து ரீட் அழைத்துக்கொண்டே இருந்தால் புதிய அளவு வந்துகொண்டே இருக்கும்.

உண்மை: என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். முதல் ரீட் முடிந்ததும் இடக்குறி கோப்பின் முடிவுக்குப் போய்விடும். அடுத்த ரீட் 0 தரும். படிக்க ஒன்றுமில்லை என்று பொருள். அதைக் கவனிக்காத நிரல், நினைவகத்தில் கிடக்கும் பழைய எண்ணையே மறுபடி அச்சிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கரையில் நீர் உள்வாங்கிக்கொண்டிருக்க, திரையில் கடல் அசையாமல் நிற்கும். ஒவ்வொரு முறையும் எல்சீக் கொண்டு தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும், அல்லது பிரீட் அழைப்பில் இடத்தை 0 எனத் தர வேண்டும். அப்போதுதான் டிரைவர் உணரியை மறுபடி கேட்கும். ரீட் -1 தந்தால் அது அளவே அல்ல. அந்த நேரத்துக்கான இடத்தை வெற்றிடமாகப் பதிவுசெய்வதே நேர்மை.

நம்பிக்கை: வந்த எண்ணை முழுஎண்ணாக்கினால் போதும்.

உண்மை: நீரடி அழுத்தத்திலிருந்து கரைக் காற்றழுத்தத்தைக் கழித்தால்தான் நீர்மட்டம் கிடைக்கும். லினக்ஸ் கெர்னலில் உணரிகளைக் கையாளும் ஐ.ஐ.ஓ. பிரிவு அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் தருகிறது. 100.9 என்பதை 100 என்று வாங்கினால், விட்டுப்போன 0.9 ஒன்பது சென்டிமீட்டர் நீருக்குச் சமம். ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாத தூத்துக்குடியில் அது பெரிய பிழை.

துறைமுகத்துக்குக் கொண்டுபோகுமுன், நீர் புகாத உணரியை வாளித் தண்ணீரில் இருபது சென்டிமீட்டர் இறக்கிப் பாருங்கள். எண் ஏறத்தாழ இரண்டு கிலோபாஸ்கல் கூட வேண்டும். கூடாவிட்டால், உணரியைக் கழற்றுமுன் ரீட் என்ன திருப்பியது என்று பாருங்கள்.