அந்தப் பொடியைக் கையோடு கொண்டு வா

குற்றாலம்,
ஆனி 12.

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நேற்று ராத்திரி நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைக்காதே. பயம். பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு நாளாகச் சாரல் விடவில்லை. பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். வெளியே போக வழியில்லை, உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஹாஸ்டலுக்குப் பக்கத்து ஜிம்மில் ஒருவர் பிளாஸ்டிக் கவரில் கட்டி ஒரு பொடி கொடுத்தார், பாலில் கலக்கிக் குடித்தால் மூன்று மாதத்தில் இரண்டு செகண்ட் குறையும் என்றார் என்று சொன்னாய். 400 மீட்டரில் இரண்டு செகண்ட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? விடியக்காலை ஐந்தருவி ரோட்டில் நீ ஓட, நான் ஸ்டாப்வாட்சோடு நின்ற நாட்களில் அரை செகண்ட் குறைய நமக்கு ஒரு வருஷம் ஆனது. மூன்று மாதத்தில் இரண்டு செகண்டைச் சோறும் பயிற்சியும் கொடுக்காது. அப்படியானால் அந்தக் கவரில் இருப்பது சத்துமாவு இல்லை.

கோமதி மாரிமுத்து தங்கம் வாங்கிய அன்று நீ டிவி முன்னால் குதித்தது கண்ணிலேயே நிற்கிறது. 2019 ஏப்ரல் 22, தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டி, 800 மீட்டர், 2 நிமிடம் 2.70 விநாடி. திருச்சி முடிகண்டத்துப் பெண். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலேயே நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. பதக்கம் போனது, நான்கு வருஷம் தடை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். நம்பத்தான் எனக்கு ஆசை. விதி அதைக் கேட்பதில்லை. உன் சிறுநீரில் இருந்தால் பொறுப்பு உன்னுடையது. யார் கொடுத்தது, எதில் கலந்திருந்தது என்று நீதான் நிரூபிக்க வேண்டும். பெயரில்லாத, பில்லில்லாத பொடிக்கு எதைக் கொண்டுபோய்க் காட்டுவாய்? கொடுத்தவர் அன்றைக்கு அந்த ஜிம்மில் இருப்பாரா? 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போக வேண்டிய தனலட்சுமி சேகருக்கும் ஸ்டீராய்டால்தான் மூன்று வருஷத் தடை. அவரும் திருச்சிப் பிள்ளைதான். நம் வீடு போன்ற வீடுகளிலிருந்து போனவர்கள்.

இப்போது சொல்லப்போவதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. என்னிடம் படித்த ஒரு பிள்ளை, குண்டு எறிவாள். கல்லூரிக்குப் போன ஆறே மாதத்தில் அவள் தூரம் ஒரு மீட்டருக்கு மேல் கூடியது. நான் பூரித்துப்போனேன். பொங்கலுக்கு வந்தவள் வாசலில் நின்று ‘டீச்சர்’ என்று கூப்பிட்டாள். யாரோ பையன் என்று எண்ணித் திரும்பினேன். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள், சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். தாடைக்குக் கீழே முடி, கழுத்திலும் முதுகிலும் பரு. ஐந்து மாதமாகத் தீட்டு வரவில்லை என்று அவள் அம்மா பின்னால் வந்து அழுதாள். சத்து ஊசி என்று சொல்லிப் போட்டிருக்கிறார்கள். ஊசியை நிறுத்தியதும் பரு மறைந்தது, மாதவிடாயும் மெல்லத் திரும்பியது. குரல் திரும்பவில்லை. ஸ்டீராய்டால் பெண்ணுக்குத் தடித்த குரல் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். இன்றும் போனில் அவளை ‘சார்’ என்கிறார்கள். தூரம் கூடியதை நோட்டில் குறித்துக்கொண்டேனே தவிர, ஏன் கூடியது என்று நான் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

‘எல்லாரும் எடுக்கிறாங்க அத்தை’ என்றாய். 2023-ல் நம் நாட்டில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடைமருந்து இருந்தது. ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் நம் விகிதம்தான் அதிகம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிடிபடாதவர்களும் இருப்பார்கள். அதற்காக ‘எல்லாரும்’ என்று சொல்லாதே ஏட்டி, வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பொடி மட்டும் இல்லை. கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 2019-ல் எட்டு மாதத் தடை வந்தது இருமல் மருந்தால். அதிலிருந்த டெர்பியூட்டலின் நம் ஊர் மெடிக்கலில் சளிக்குக் கொடுக்கும் பல பாட்டில்களில் உண்டு. நாட்டு மருந்து கெடுதல் செய்யாது என்று உன் அப்பா சீசன் கடையில் லேகியம் வாங்கி அனுப்புவான், அதையும் தொடாதே. எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்து சில மருந்துகளில் சேர்ப்பார்கள். அதிலுள்ள ஸ்ட்ரிக்னின் தடைப்பட்டியலில் இருக்கிறது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு நடுவழியில் அதைத்தான் முட்டை வெள்ளைக்கருவோடு கொடுத்தார்கள். அன்று அதற்குத் தடை இல்லை. தள்ளாடித் தள்ளாடி வந்து தங்கம் வாங்கினார், சாகாமல் பிழைத்ததே பெரிது. எந்த டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்ததும் ‘நான் போட்டிக்கு ஓடுகிறவள்’ என்று முதலில் சொல்.

பல்கலைக்கழகப் போட்டிகளுக்கும் நாடா ஆட்கள், அதுதான் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்காரர்கள், சோதனைக்கு வருவார்கள். அவர்களைப் பார்த்து ஓடாதே. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்கு அவர்கள் வந்த சேதி பரவியதும் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மாதிரி கொடுக்க மறுத்தால் அதற்கே நான்கு வருஷம்.

உன்னோடு பெண் அதிகாரிதான் உள்ளே வருவார். அவர் பார்க்கத்தான் சிறுநீர் கொடுக்க வேண்டும். கூசும், பொறுத்துக்கொள். கோப்பையையும் பாட்டில் பெட்டியையும் அங்கிருக்கும் பலவற்றிலிருந்து நீயே எடு. 90 மில்லி வேண்டும். வரவில்லையென்றால் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார், ஆனால் மூடி உடைக்காத பாட்டிலை நீயே திறந்து குடி. ஏ, பி இரண்டு பாட்டிலிலும் நீயே ஊற்று, நீயே திருகி மூடு. எண்களைப் படிவத்தோடு ஒத்துப் பார். முந்தைய ஏழு நாளில் சாப்பிட்டதை எல்லாம் எழுது. போட்டிக்காகத் தீட்டைத் தள்ளிப்போட நார்எத்திஸ்டிரோன் மாத்திரை போட்டிருந்தால் வெட்கப்படாமல் அதையும் எழுது. அது தடைப்பட்டியலில் இல்லை, ஆனால் நாண்ட்ரோலோன் விடுகிற அதே சுவட்டைச் சிறிதளவு உடம்பில் விடும். நீ எழுதியிருந்தால் ஆய்வகத்துக்கு விளங்கும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போக உனக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை வாங்காமல் வெளியே வராதே.

அந்தப் பொடி ஒரு கரண்டியாவது உள்ளே போயிருந்தால் மறைக்காமல் சொல். திட்டமாட்டேன், டாக்டரிடம் சேர்ந்து போவோம். சனிக்கிழமை வரும்போது கவரைக் கையோடு கொண்டு வா, ஹாஸ்டலில் யாரிடமும் கொடுத்துவிடாதே. உன் அப்பாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மங்குஸ்தான் வந்துவிட்டது, உனக்கென்று இரண்டு கிலோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு காலை மழை விட்டால் ஐந்தருவி ரோட்டுக்குப் போகலாம். ஸ்டாப்வாட்சுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.

அன்புடன்,
அத்தை.