கடை வைஃபையின் சாவி யார் கையில்?



கல்லாப்பெட்டிச் சாவியை நாம் எவரிடமும் கொடுப்பதில்லை. ஆனால் அரூரானாலும் பாலக்கோடானாலும், சரக்கு இறக்க வந்த லாரி ஓட்டுநர் கேட்டால் வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லிவிடுகிறோம். பில் போடும் கணினியும் அதே இணைப்பில்தான் இருக்கிறது.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் தடம் பற்றிச் சென்ற காவல்துறை, நவி மும்பையில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. பூட்டில்லாத அவ்வீட்டு வைஃபையை வேறு எவரோ பயன்படுத்தியிருந்தனர். விசாரணையோ வீட்டுக்காரருக்கு!

ஒவ்வொரு கருவிக்கும் எண்ணும் எழுத்துமாக 12 இலக்க 'மேக்' முகவரி உண்டு. நாம் அனுமதிக்கும் முகவரிகளை மட்டும் ரவுட்டரில் பதியலாம். ஆயினும் அது வருகைப் பதிவேடுதான், பூட்டு அன்று. அம்முகவரியைப் போலியாகக் காட்ட முடியும். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் கைபேசிகளே உண்மை முகவரியை மறைத்து மாற்று முகவரி காட்டுகின்றன. ஆகவே பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

1. 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது '3' வகைப் பாதுகாப்பில் நீண்ட கடவுச்சொல் வையுங்கள்.

2. ரவுட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

3. வெளியாருக்கு 'கெஸ்ட்' இணைப்பைத் தனியே கொடுங்கள்.

4. ஊழியர் வேலையை விட்டு நின்ற அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

5. மாதம் ஒருமுறை, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

செலவில்லாத வேலை, இன்று கடை அடைக்குமுன் செய்துவிடுங்கள்.